கப்பல் கிளம்பாத புத்தகம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று இவருக்கு டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி, போன வருடத்திலிருந்து இதே பாட்டு. உள்ளே மெஷின் இவர் ரத்தத்தைக் கழுவும். வெளியே நான் நாற்காலியைத் தேய்ப்பேன்.

காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "இந்த மாசத்தோட போதும்."

"எது?"

"ஊசி, மெஷின், எல்லாம். மார்ச் முடியட்டும். அப்புறம் நான் வரல."

மோர் போதும் என்கிற மாதிரி சொன்னார். மகன் காதில் விழுந்துவிட்டது. மத்தியானம் டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டிருக்கிறான். நிறுத்தினால் இரண்டு வாரம், இழுத்தால் மூன்று என்றாராம். என்னிடம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் எனக்கு அழுகை வருமென்று காத்திருந்தேன். கொட்டாவி வந்தது.

மார்ச் 5

ஒன்றுமில்லை. துணி காயவில்லை.

மார்ச் 6, வியாழன்

காத்திருக்கிற கூடத்தில் ஒரு மர அலமாரி இருக்கிறது. யார் யாரோ போட்டுவிட்டுப் போன புத்தகங்கள். மேலே 'படித்துவிட்டுத் திரும்ப வைக்கவும்' என்று ஒட்டியிருக்கிறது. அதில் முக்கால்வாசி நான் படித்துவிட்டேன். ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் ஒருமுறை வாசித்தது போகாது. எந்தப் பக்கத்தில் யார் யாரை அடித்தான் என்பது வரை நிற்கும்.

அதனால் இங்கே என்னிடம்தான் கேட்பார்கள். தையல்காரி கேட்பாள், காவலாளி கேட்பார், சிஸ்டர் கூட டியூட்டி முடிந்து போகும்போது "பாட்டி, நல்லதா ஒண்ணு சொல்லுங்க" என்பாள். நல்லது என்று தனியாக ஒன்று கிடையாது. யாருக்கு நல்லது என்று பார்க்க வேண்டும். மாமியாரோடு மல்லுக்கட்டுகிற தையல்காரிக்கு மாமியார் செத்துப்போகிற கதையைக் கொடுத்தேன். ஒரே நாளில் முடித்துவிட்டு, முகம் தெளிந்து வந்து நின்றாள். அட்டையில் எண்ணெய்க் கறையோடு கொண்டுவந்தாள் — அதை நான் மறக்கவில்லை.

இன்று நாத்தனார் வந்தார். இவருடைய அக்கா. மகன் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறான், நீங்களாவது அப்பாகிட்டப் பேசுங்க அத்தை என்று. நான் அவரை வாய் நிறைய 'அக்கா' என்று கூப்பிட்டுப் பல காலமாயிற்று. கூப்பிட வேண்டிவந்தால் 'இந்தாங்க' என்பேன்.

என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் காலை ஆட்டினார். பிறகு, "எல்லாருக்கும் புஸ்தகம் எடுத்துத் தர்றியாமே. எனக்கும் ஒண்ணு எடுத்துக் கொடேன். நல்லதாப் பாத்து."

நாத்தனார் கேட்கிறார். என்னிடம். புத்தகம்.

கல்யாணமாகி வந்த வருடம். வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, நானே ஊசி நூல் போட்டுத் தைத்த புத்தகங்கள், தகரப் பெட்டியில் அடுக்கி அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தேன். ஒரு நாள் நான் குளித்துவிட்டு வந்தபோது பழைய பேப்பர்காரன் தராசைத் தூக்கிப் பிடித்திருந்தான். நாத்தனார் வாசல்படியில் நின்றார். பச்சைப் புடவை, இடது மூக்குத்தி மட்டும். "குப்பையெல்லாம் வீட்டுல அடைஞ்சு கிடக்கு" என்றார். தராசில் மேலாக இருந்தது, கடைசி அத்தியாயம் நான் இன்னும் தைக்காத கதை.

எழுந்து அலமாரிக்குப் போனேன். அடித் தட்டில் ஒரு தடிப் புத்தகம். ஒரு சரக்குக் கப்பலின் கதை. முதல் நூறு பக்கத்துக்குக் கப்பல் கிளம்பவே கிளம்பாது. என்ஜினைப் பிரிப்பான், துடைப்பான், பூட்டுவான். பொடி எழுத்து வேறு. பாதியில் விடுகிற பழக்கம் எனக்கில்லை என்பதால் முழுக்கப் படித்தவள் இந்தக் கூடத்திலேயே நான் ஒருத்திதான்.

"இந்தாங்க. ரொம்ப நல்லா இருக்கும்" என்றேன்.

மார்ச் 8, சனி

நாத்தனார் மறுபடி வந்தார். புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு. "சுகமா இருக்கு, தூக்கம் நல்லா வருது" என்றார்.



இவர் வண்டியில் திரும்பும்போது வாயே திறக்கவில்லை. மகனும் திறக்கவில்லை. நான் ஜன்னல் வழியாகக் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

உள்ளே ஒரு ஆளை மட்டும் விடுவார்கள். நான் போவதில்லை. அந்தக் குழாய்களில் இவர் ரத்தம் சுற்றுவதைப் பார்த்தால் எனக்குக் கால் துவளும். அதனால் நாத்தனார் போனார், புத்தகத்தோடு. அவருக்கு மனசுக்குள் படிக்க வராது. வாய்விட்டுத்தான் படிப்பார், அதுவும் கடைத்தெருவில் கூப்பிடுகிற சத்தத்தில்.

கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் வேகமாக வெளியே வந்தாள். "பாட்டி, தாத்தா கத்துறாரு. பிரஷர் ஏறுது. என்னன்னு கேளுங்களேன்."

அக்காவும் தம்பியும் பழைய சொத்துச் சண்டையை எடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன்.

"தப்பு! மறுபடி படி அந்த வரிய."

நாத்தனார் படித்தார். "வால்வை முழுதாகத் திறந்தான், நீராவி சீறிக்கொண்டு—"

"முழுசாத் திறந்தானா? அவன் செத்தான்! யாரு இதை எழுதினது? இவன் பாய்லர் பக்கத்துல நின்னுருக்கானா ஒரு நாளாவது?"

"எனக்கென்னடா தெரியும், போட்டிருக்கறதைப் படிக்கிறேன்."

"மேல படி. எப்படிச் சமாளிக்கிறான்னு பாப்போம்."

இவர் மில்லில் பாய்லர் ஃபிட்டர். வாழ்நாள் முழுக்க அதுதான் வேலை. கதவை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

மார்ச் 13, வியாழன்

சாப்பிடும்போது இவர் தட்டிலிருந்த தண்ணீரைத் தொட்டு மேஜையில் வால்வு வரைந்தார். மகனுக்கு. "இங்க கால் சுத்து திருப்பு. அப்புறம் நிறுத்து. சத்தத்தைக் கேளு. அப்புறம்தான் அடுத்த கால்." மகன் ஆங் ஆங் என்றான். என் பக்கம் திரும்பவில்லை.

மேஜையைத் துடைத்தேன். உப்புக் குறைவு என்றார்கள். எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 15, சனி

ஒரு கேள்வி மட்டும் எழுதி வைக்கிறேன். காவலாளிக்கு எந்தப் புத்தகம் என்று தெரிந்தது. தையல்காரிக்குத் தெரிந்தது. இந்த மனுஷனுக்குப் புத்தகமே ஆகாது என்று எனக்கு யார் சொன்னது?

மார்ச் 18, செவ்வாய்

நாத்தனாருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். என் சொந்தப் புத்தகத்தை எடுத்துப் போனேன். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடியிருந்துகொண்டு பேசாமலே கிழவிகளாகிற அக்கா தங்கை கதை. இதுவரை எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறேன், கண்ணைத் துடைக்காமல் யாரும் திருப்பித் தந்ததில்லை.

ஊசி குத்துவதற்கு முன்பே இவர் பக்கத்தில் நின்று முதல் பக்கத்தைப் படித்தேன். இரண்டாம் பக்கத்தையும் படித்தேன்.

"இதுல யாரும் வேலைக்கே போக மாட்டாங்களா?" என்றார்.

புத்தகத்தை மூடிப் பையில் போட்டேன். சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். இனி என்னிடம் புத்தகம் கேட்டு வரட்டும்.

மார்ச் 20, வியாழன்

நாத்தனாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வரவில்லை. புத்தகத்தை மட்டும் தன் மகள் கையில் கொடுத்தனுப்பியிருந்தார், நடுவில் பஸ் டிக்கெட்டைச் செருகி.

"அக்கா வரலியா?" என்றார் இவர். வேறொன்றும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

சிஸ்டர் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு போனேன்.

ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, மெஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அப்படியும் கை தெரிந்தது. ஊசி போடுவதற்கென்று நரம்பைச் சேர்த்துத் தைத்த இடம் கயிறு மாதிரிப் புடைத்திருக்கிறது. இத்தனை நாள் முழுக்கைச் சட்டையிலேயே பார்த்திருக்கிறேன். கால் துவளவில்லை. எதுவுமே ஆகவில்லை. கல்லாகத்தான் உட்கார்ந்திருந்தேன். கல்லுக்கு வாசிக்க வருமா, வந்தது.

"வேகமாப் படிக்காத."

"எழுத்துக் கூட்டித்தாங்க படிக்கிறேன். இதைவிட மெதுவா எங்க போறது?"

"அக்கா ஒவ்வொரு வார்த்தையா வைப்பா. நீ ஓடற."

எனக்குக் கப்பல் எப்போது கிளம்பும், எங்கே நிற்கும், யார் இறங்குவான் என்று எல்லாம் தெரியும். ஆனால் இவர் கேட்டது எதற்கும் பதில் தெரியவில்லை. எண்ணெய் எங்கிருந்து ஊற்றினான்? அந்த போல்ட் எத்தனை அங்குலம்? முதல் தடவை படித்தபோது இதையெல்லாம் நான் தாண்டிப் போயிருக்கிறேன் போல. என் கண்ணுக்கு இப்படிப் பக்கம் பக்கமாகத் தப்பியிருக்கும் என்று நினைக்கவில்லை.

பக்கத்து நாற்காலிக்காரர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், "சத்தமாப் படிங்கம்மா, இங்க கேக்கல" என்றார்.

மார்ச் 22, சனி

நாத்தனார் வந்துவிட்டார். நான் வெளியே.

மார்ச் 25, செவ்வாய்

இவரை உள்ளே விட்டுவிட்டு நாத்தனார் டீ குடிக்கலாம் என்றார். போனோம். எனக்குச் சர்க்கரை வேண்டாம் என்று அவரே கடைக்காரரிடம் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

"புஸ்தகத்துல எனக்கு ஒரு மண்ணும் புரியல" என்றார். "ஆனா அவன் பேசறான். இவனுக்குன்னு இதை எப்படிடி கண்டுபிடிச்ச நீ?"

நான் டீயை ஆற்றினேன். "பாத்துத்தான் எடுத்தேன்" என்றேன்.

"அதான் பாத்தேன். சின்ன வயசுலயே உனக்குப் புஸ்தகப் பைத்தியம்."

நாக்கு நிற்கவில்லை. "அந்தப் பைத்தியத்தைத்தானே பழைய பேப்பர்காரன் தராசுல போட்டீங்க."

"எதை?"

"என் பெட்டியில இருந்த புஸ்தகத்த. நான் தைச்சது."

நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார். நடிப்பில்லை. எனக்கு நடிப்புத் தெரியும். "அப்படியா? எனக்கு நெனப்பே இல்லையேம்மா. நானா?"

நெனப்பே இல்லையாம்! நான் அந்தப் புடவை நிறம் முதல் மூக்குத்தி வரை சுமந்துக்கிட்டு வந்திருக்கேன். இவங்களுக்கு நெனப்பே இல்ல. அப்ப நான் மட்டும் யாரோட சண்டை போட்டுக்கிட்டிருந்தேன்?

"பழைய பேப்பர் விலைக்குப் போட்டிருந்தா நஷ்டம்தான் உனக்கு" என்றார் பாவமாக.

டீக்கு நான்தான் காசு கொடுத்தேன். மன்னித்ததாக அர்த்தமில்லை.

மார்ச் 27, வியாழன்

மாசம் முடிந்தும் வருவாரா மாட்டாரா என்று மகன் கேட்கச் சொன்னான். நீங்க கேளுங்கம்மா, உங்ககிட்டச் சொல்வார். நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

மார்ச் 29, சனி

புத்தகம் முடிந்தது. கப்பல் கரை சேர்ந்தது. நாத்தனார் வெளியே வந்து மூக்கைச் சிந்தினார். இவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"'சரி'ன்னான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அப்புறம் கையைக் கட்டிவிடச் சொன்னான், கிளம்பிட்டான்."

மாதத்தின் கடைசி முறை இது. சிஸ்டர் எப்போதும் போல "செவ்வாய்க்கிழமை பாப்போம் தாத்தா" என்றாள். இவர் செருப்பைத் தேடினார்.

மார்ச் 30

ஞாயிறு.

மார்ச் 31

இவர் நகம் வெட்டிக்கொண்டார். பழைய சட்டைகளில் இரண்டை எடுத்து, யாருக்காவது கொடு என்றார். வாங்கி வைத்தேன். மகன் வேலைக்குப் போகாமல் கூடத்திலேயே நடந்துகொண்டிருந்தான். நான் பாத்திரம் தேய்த்தேன், தேய்த்ததையே மறுபடி தேய்த்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பையை எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைத்தால் கட்டாயப்படுத்துகிற மாதிரி. எடுத்து வைக்காவிட்டால் — அதுவும் ஒரு மாதிரிதான். சமையல்கட்டில் நின்றிருந்தேன்.

மகன் குரல்: "அப்பா... வண்டி எடுக்கட்டுமா?"

நான் அடுப்பைக் குறைத்தேன்.

"எடு. புஸ்தகம் நம்மளோடதில்ல. திருப்பி வைக்கணும்."

வைக்கப் போனார். அலமாரி வெளிக் கூடத்திலேயே இருக்கிறது. அதைத் தாண்டி உள்ளே போய் நாற்காலியில் படுத்தார். புத்தகம் அவர் மடியில் இருந்தது. சிஸ்டர் ஊசியைக் குத்தினாள்.

ஏதாவது தோன்றியிருக்க வேண்டும் எனக்கு. கழுத்து வலித்தது, அதுதான்.

ஏப்ரல் 3, வியாழன்

பக்கத்து நாற்காலிக்குப் புது ஆள். வங்கிக்காரருக்கு நேரம் மாறிவிட்டதாம். வந்தவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். கட்டுமஸ்தான ஆள், ஊசியைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போய் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி வெளியே அழுதுகொண்டிருந்தாள். நான் இன்று உள்ளே இருந்தேன். நாத்தனார் வீட்டில் விருந்தாளி.

இவர் அந்த ஆளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வண்டி ஓட்டறீங்களா? என்ஜின் வேலை தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும் ஐயா."

"அப்போ இதைப் படிங்க." மடியிலிருந்த புத்தகத்தை ஊசியில்லாத கையால் நீட்டினார். எட்டவில்லை. நான் வாங்கிக் கொடுத்தேன். "நல்ல புஸ்தகம். வால்வைப் பத்தி எழுதியிருக்கறது மட்டும் தப்பு, நம்பாதீங்க. மத்ததெல்லாம் சரிதான். அவசரப்பட்டுப் பின்னாடி புரட்டிப் பாக்காதீங்க."

"எனக்குப் படிச்சுப் பழக்கமில்லீங்களே."

"எனக்கும்தான் இல்ல. வீட்டுல யாராச்சும் படிச்சுச் சொல்வாங்க. மெதுவாப் படிக்கச் சொல்லுங்க."

அந்த ஆள் அட்டையைத் தடவினார். எப்போது திருப்பித் தர வேண்டும் என்று கேட்டார்.

"அவசரமில்ல" என்றார் இவர். "அடுத்த மாசம் குடுங்க. நான் இங்கதான் இருப்பேன்."

தண்ணீர் பாட்டிலின் மூடி திறந்திருந்தது. திருகி மூடினேன்.