ஒரே கட்டிலில் உறங்குவோரையும் பரிசோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தையற்கூடத் தொழிலாளி (பகல் ஷிஃப்ட்),
ஏழாம் எண் அறை, மூன்றாம் மாடி,
பெண்கள் விடுதி.

பெறுநர்:
நகர்நல அலுவலர் அவர்கள்,
நகர்நல அலுவலகம்.

பொருள்: காசநோயாளியுடன் ஒரே அறையில் வசிக்கும் ஒன்பது பேருக்குச் சளிப் பரிசோதனை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் அறையில் கட்டில் ஐந்து, ஆள் பத்து. பகல் ஷிஃப்டுக்கு ஐவர் எழுந்ததும், இரவு ஷிஃப்ட் முடித்த ஐவர் வந்து படுப்பார்கள். என் கட்டில் பகலில் இரவு ஷிஃப்ட் அக்கா ஒருவருடையது. போர்வை தனித்தனி, தலையணை ஒன்றுதான்.

2. சென்ற மாதம் அக்காவுக்குக் காசநோய் உறுதியானது. அன்றே மருந்து கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் 'உடன் வசிப்போர்' பட்டியலில் தங்கள் அலுவலகம் எழுதியது, ஒரு நாள் பஸ் பயணத் தூரத்தில் இருக்கும் அவருடைய அம்மாவை. அக்கா ஊருக்குப் போய் இரண்டு வருடமாகிறது. அந்த அம்மா அடித்துப் பிடித்து வந்து, வரிசையில் நின்று, நோயில்லை என்று சீட்டு வாங்கினார். போகும்போது எங்களைப் பார்த்து, "உங்களுக்கெல்லாம் பாத்தாச்சாம்மா?" என்றார். அவருக்குத் தோன்றியது அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

3. எனக்கு மூன்று வாரமாக இருமல். அரைநாள் விடுப்பில் தங்கள் அலுவலகம் வந்தேன். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று எழுத்தர் கேட்டார். ஒரே கட்டில் என்றேன். "அப்படி ஒரு உறவு படிவத்துல இல்லையேம்மா" என்று, நான் நிரப்பிய படிவத்தைத் திருப்பித் தந்தார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு இருமல்தான் வந்தது.

4. தெருமுனையில் 'சமுதாயப் பரிசோதனை முகாம்' என்று பலகை வைத்திருந்தார்கள். நம்பிப் போனேன். குடியிருப்போர் சங்கத் தலைவர் வாசலிலேயே மறித்து, "இது நம்ம தெரு ஜனங்களுக்கும்மா, நீங்க ஹாஸ்டல்" என்றார். நான்கு வருடமாக அந்தத் தெருவில்தான் துணி காயப்போடுகிறேன். வீடு வீடாக வரும் செவிலியர் நல்லவர்தான். ஆனால் ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு 'ஆள் இல்லை' என்று எழுதிப் போயிருக்கிறார். ஐந்து பேர் உள்ளே அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

5. சமுதாயம் என்றால் தங்கள் எழுத்தருக்கு ரத்த சொந்தம், சங்கத் தலைவருக்கு வீட்டுக்காரர்கள். எனக்கு அது பத்துப் பேரும் ஒரு ஜன்னலும். ஜன்னலும் பாதிதான் திறக்கும். அலைந்து அலைந்து அலுத்துவிட்டது ஐயா.

6. காலை ஏழு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது பத்துப் பேரும் கால் மணி நேரம் அறையில் ஒன்றாக இருப்போம். இந்த வாரத்துக்குள் அந்நேரம் ஒருவரை அனுப்பிச் சளி மாதிரி எடுக்க வேண்டுகிறேன்.

7. என் இருமல் கேட்ட நாளிலிருந்து அக்கா கட்டிலில் படுப்பதில்லை. வேலை முடிந்து வந்து மாடிப்படியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். கூப்பிட்டால் வருவதில்லை. எனக்கு நோயிருந்தால் மருந்து கொடுங்கள். இல்லையென்றால் அதை முத்திரையிட்டு எழுதிக் கொடுங்கள். அக்காவிடம் காட்டி, அவரைக் கட்டிலுக்குக் கூட்டி வர வேண்டும்.

தங்கள் ஆளை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
மற்ற எட்டுப் பேரின் ஒப்பங்கள் பின்பக்கத்தில், கட்டில் வரிசைப்படி.

நாள்: மாதத்தின் ஒன்பதாம் தேதி
இடம்: மேற்படி அறை

இணைப்பு: தங்கள் எழுத்தர் திருப்பித் தந்த படிவம். 'உறவு' என்ற கட்டத்தில் 'ஒரே கட்டில்' என்றே மீண்டும் நிரப்பியுள்ளேன்.