தாராசுரத்தில் சீல் வைத்த வீடு

ஐப்பசி 9, வியாழன்.

இன்று காலை தாராசுரத்தில் ஒரு வீட்டுக்குச் சீல் வைக்கப் போனேன். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். கோயில் பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார். எங்கள் மாநகராட்சியின் உரிமம் வாங்கவில்லை. இரண்டு நோட்டீஸுக்கும் பதில் இல்லை.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சலீம் பாய்தான் திறந்துவிட்டார். மூன்று அறைகள், குளியலறை, மாடி எல்லாவற்றையும் நானே பார்த்தேன். யாரும் இல்லை. முதலில் கொல்லைக் கதவுக்குச் சீல் வைத்தேன். பிறகு வாசல் கதவைப் பூட்டி, அதில் அறிவிப்பை ஒட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே யாரோ தாழ்ப்பாள் போட்டார்கள்.

"பாய், உள்ள யாரு?"

"யாரும் இல்லீங்க மேடம். நீங்கதானே பார்த்தீங்க." சொல்லும்போதே அவர் இரண்டு படி கீழே இறங்கிவிட்டார்.

யாரையாவது உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேனோ என்று சாவியை மறுபடி எடுத்தேன். பூட்டைத் திறந்தேன். கதவு அசையவில்லை. கூப்பிட்டுப் பார்த்தோம், தட்டிப் பார்த்தோம். தச்சரை வரவழைத்து உடைத்தோம். தாழ்ப்பாள் உள்ளே போட்டுத்தான் இருந்தது. அறைகள் காலி. கொல்லைக் கதவின் சீல் அப்படியே இருந்தது.

"இங்க தங்கினவங்களும் இதையேதான் சொன்னாங்க மேடம். ஆள் வராமப் போயிடுவாங்கன்னு நான்தான் வெளிய சொல்லல" என்றார் பாய்.

உடைந்த கதவைக் கம்பியால் கட்டி மறுபடி சீல் வைத்தேன்.

நாளை அறிக்கை கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் எழுதிவிட்டேன். 'சீல் வைக்கும்போது உள்ளே இருந்தவர்கள்' என்ற கட்டத்தில் மட்டும் பூஜ்யம் போடக் கை வரவில்லை.