கீழே விழுந்தவனுக்குத் தெரிந்த கால்

இன்று காலை சாந்தோம் கடற்கரையோரம் வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். காரில் வந்தவன் ஒருவன், நேற்று வாங்கிய மீன் நாறியது என்று கவரோடு என் மூஞ்சியில் விட்டெறிந்தான். கத்தி என் கையில்தான் இருந்தது. என் கோபம் உனக்குத் தெரியாததா. எழுந்து நின்றுவிட்டேன். உடனே நீ வந்து குறுக்கே நின்றாய். செத்த பிறகும் உனக்கு ஓய்வில்லை, மச்சி.

அந்தப் பெரிய வியாழனை நீ மறந்திருக்க மாட்டாய். மாதா கோயில் பூசையில், ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததுபோல் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவும்போது, முதல் நாற்காலி வருஷா வருஷம் விசைப்படகு வைத்திருந்த போட்டுக்காரருடையது. குப்பத்தில் எதிலும் அவர்தான் முதல். அந்த வருஷம் அவரே வரமுடியாது என்று சொல்லியனுப்பினார். காரணம் சொல்லவில்லை. சாமியார் உன்னை உட்காரவைத்தார்.

பூசை முடிந்து நீ வெளியே வந்ததும், வாசலில் காத்திருந்த போட்டுக்காரர் உன் வயிற்றில் உதைத்தார். கொஞ்ச நாளாக வீட்டிலும் கோயிலிலும் கழற்றாத ஷூ. மணலில் ஷூ எதற்கு, திமிர்தான் என்று ஊரே பேசியது. நீ மல்லாக்க விழுந்தாய். மதிலில் சாத்தியிருந்த துடுப்பை எடுத்து உன் வாயிலேயே அடித்தார். உன் முன்பற்கள் என் காலடியில் தெறித்தன.

"என் நாற்காலில நீ குந்துவியா?"

துடுப்பைப் பிடுங்கி அவர் தலைக்கு மேல் ஓங்கினேன். கொன்றிருப்பேன், சத்தியமாக. தரையில் கிடந்த நீ என் காலைக் கட்டிக்கொண்டாய். பேசப் பேச வாயிலிருந்து ரத்தம் கொட்டியது.

"வேணாம் மச்சி. அந்தாளு ஷூவைப் பார்றா. உள்ள ரத்தம் ஊறிக்கினு கீது."

பார்த்தேன். அழுகல் நாற்றமும் அப்போதுதான் மூக்கில் ஏறியது. சர்க்கரை வியாதி அவர் விரல்களை அரித்துக்கொண்டிருந்தது. அந்தக் காலை ஊருக்கு முன்னால் காட்டுவதைவிட ஓர் ஆளை அடித்துக் கொல்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

ஆட்டோவில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். வழியெல்லாம் உன்னை அம்மா, ஆத்தா என்று திட்டிக்கொண்டே வந்தார். நீ அந்தக் காலை மடியில் வைத்திருந்தாய். பல் போனது போதாதா என்று நான் கத்தினேன்.

"யூதாஸு காலையும்தான் கய்வுனாரு ஆண்டவரு" என்றாய்.

"அவருக்கு ஒண்ணும் பல்லு போகல."

"உயிரே பூட்ச்சேடா" என்று நீ சிரித்தாய். சிரித்ததில் மறுபடி ரத்தம் வழிந்தது.

போட்டுக்காரர் திருந்தவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. காலை எடுத்துவிட்டார்கள், திமிரை எடுக்கவில்லை. காய்ச்சலில் நீ போனபோதும் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து, எல்லோரையும் தள்ளிவிட்டு உன் பெட்டிக்குப் பக்கத்தில் முதல் ஆளாக நின்றார். விலக்க எனக்குக் கை வரவில்லை.

இன்று அந்தக் கார்க்காரன் முன்னாலும் கத்தியோடு நின்றவன், முதலில் அவன் காலைத்தான் பார்த்தேன். நல்ல செருப்பு, சுத்தமான விரல்கள். ஒரு கீறல்கூட இல்லை. உன்மேல்தான் ஆத்திரம் வந்தது. இவனுக்கு எங்கேடா புண் என்று மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

உட்கார்ந்து மீதி வஞ்சிரத்தை வெட்டினேன்.