மோசல் ஆற்றங்கரைக்கு நான் மட்டும்

இஞ்சாருங்கோ,

முப்பத்தொரு வருடம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது பெயர் எழுதக் கை வருமா? நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. இன்றைக்கு அழுது எழுதவில்லை. மனம் லேசாக இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நான் ஜேர்மனிக்குப் போகிறேன். தனியாக, ஐந்து நாள், நவம்பர் நடுவில். மோசல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சின்னச் சின்ன ஊர்கள் இருக்கின்றன. கோப்லென்ஸில் ரயில் ஏறி, கோகெமில் இரண்டு இரவு, பிறகு ட்ரியர். மகள் கணினியைப் பார்த்துவிட்டு, அந்த நேரம் படகும் ஓடாது, பாதிக் கடையும் பூட்டு என்று தலையில் கைவைத்தாள். நான் வேலை செய்யும் ஜான்-டலோன் சந்தையில் பூசணிக்காய் வியாபாரம் முடிந்த பிறகுதானே எனக்கு லீவு? படகு ஓடாவிட்டால் என்ன, ஆறு ஓடும்தானே.

நாம் ஜேர்மனிக்கு இரண்டு தரம் போனோம். முதலில் உங்கள் தங்கச்சியின் மகள் வயதுக்கு வந்த சாமத்திய வீடு, பிறகு அதே பிள்ளையின் கலியாணம். விமான நிலையத்தில் இருந்து வீடு, வீட்டில் இருந்து மண்டபம், மண்டபத்தில் இருந்து இன்னொரு சொந்தக்காரர் வீடு. கலியாண மண்டபத்தின் பின்கதவைத் திறந்தால் மோசல் ஆறு. ஐந்து நிமிடம் நின்றிருப்பேனோ என்னவோ, படம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனீர்கள். குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குறைதான் சொல்கிறேன்.

இந்த முறை நான் செய்த பிழையைக் கேளுங்கள். இணையத்தில் டிக்கெட் போடலாம் என்று மகள் சொல்லச் சொல்ல, பழக்கதோஷத்தில் இங்கே பார்க் எக்ஸ்டென்ஷனில் நாம் எப்போதும் டிக்கெட் எடுக்கும் அண்ணையிடமே போனேன். உங்கள் தங்கச்சியை மனதில் வைத்து, மச்சாள் வீட்டுக்கோ என்று கேட்டார். எனக்கும் வாய் தவறி ஓம் என்று வந்துவிட்டது. அவர் மச்சாளின் புருஷனுக்குத் தூரத்து உறவு என்பதை நான் மறந்தே போனேன். இரண்டாம் நாள் டோர்ட்முண்டில் இருந்து மச்சாள் அழைக்கிறாள். வேலைக்கு ஐந்து நாள் லீவு சொல்லிவிட்டாளாம். மேல்மாடி அறையைத் துடைத்து வைத்திருக்கிறாளாம். திங்கள் கோயில், செவ்வாய் மகள் வீடு, புதன் யாரோ வீட்டில் மதியச் சாப்பாடு.

நானும் ஓம், ஓம் என்று சொல்லி வைத்துவிட்டேன். எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? சொந்தம் இருக்கிற நாட்டுக்குப் போய் ஹோட்டலில் தங்கினால் செத்தவீட்டில்கூட அதைச் சொல்லிக் காட்டுவார்கள். உங்கள் பக்கத்தில் மிச்சமிருக்கிற ஒரே உடன்பிறப்பு அவள். அவளைப் பகைத்துக்கொண்டு ஒரு ஆற்றைப் பார்க்க வேண்டுமா? மூன்று கிழமை இப்படியே யோசித்துக்கொண்டு திரிந்தேன். இரண்டு தரம் பயணத்தையே நிறுத்தப் பார்த்தேன்.

போன ஞாயிறு காலை, வந்தது வரட்டும் என்று அழைத்தேன்.

"மச்சாள், நான் இந்தமுறை உங்கட வீட்டை வரேல்லை. ஆத்தடியில தனிய நிக்கப் போறன். கோவிக்காதேங்கோ."

நாங்கள் இங்கே இருக்க வாடகை அறையோ என்று வெடிப்பாள் என்று காத்திருந்தேன்.

"அண்ணையின்ர செத்தவீட்டுக்கு நான் வரேல்லை எண்டதாலயோ?" என்று கேட்டாள்.

குசினிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இடுப்பில் சத்திரசிகிச்சை செய்து படுத்திருந்தவள், உங்களை போனில்தான் பார்த்து அழுதாள். அந்த ஐந்து நாள் லீவும், துடைத்த அறையும் இதற்காகத்தானா? இரண்டு வருடமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கவனிக்கவே இல்லை.

"ஐயோ, நான் அப்பிடி ஒருநாளும் நினைக்கேல்லை. நாலு வருஷம் அவரைப் பாத்தனான். பேந்து பிள்ளையள் என்னைப் பாக்குதுகள். கொஞ்ச நாள் ஆரும் இல்லாம இருக்க ஆசையாக் கிடக்கு, மச்சாள்."

இரண்டு பேரும் நன்றாக அழுதோம். பிறகு அவள் மூக்கைச் சிந்திவிட்டு, ஆற்றடிக் குளிருக்கு நல்ல சப்பாத்து இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கினாள். கடைசி நாள் மட்டும் கோப்லென்ஸ் ஸ்டேஷனுக்கு வருவாளாம். ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போய்விடுவாளாம். சாப்பாட்டுப் பார்சலை மட்டும் வேண்டாம் என்று சொல்லக்கூடாதாம்.

அவளிடம் சொன்ன பிறகு உங்களிடமும் ஒன்று சொல்லத் துணிவு வந்திருக்கிறது. கிழமையில் மூன்று நாள் உங்களை இரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிப்போய் வந்த அந்த நாலு வருடமும், சமைக்கும்போதுகூட என் காது உங்கள் அறையில்தான் இருந்தது. நீங்கள் போன அன்று அழுதேன். அழுகையோடு, அப்பாடா என்று ஒரு மூச்சும் விட்டேன். அதற்கு வெட்கப்பட்டு யாருக்கும் சொல்லவில்லை. அது பாவமா? உங்களுக்கும் அன்றைக்கு அப்படித்தான் இருந்ததா?

போனை வைக்கும்போது மச்சாள் கேட்டாள், அண்ணையின் படத்தைக் கொண்டு வருகிறீர்களா என்று. இல்லை என்றேன். நீங்கள் வீட்டிலேயே இருங்கள், மகள் வந்து விளக்கு வைப்பாள். ஆற்றை உங்களுக்காகப் பார்க்கமாட்டேன், எனக்காகத்தான் பார்ப்பேன். கோபம் வந்தால் வரட்டும். திரும்பி வந்து சமாதானம் செய்வேன், இது சத்தியம். முப்பத்தொரு வருடம் செய்யாததா?

உங்கள் மனைவி,
உங்கள் தங்கச்சிக்கு என்றைக்கும் மச்சாள்,
சறோ