தரையில் படுக்காத கம்பி

ஆகஸ்ட் 11, திங்கள்

உப்பேரிக் கரையில் இருக்கிற எங்கள் தோணிரேவுக்குக் கருவாடு காயவைக்கச் சிமெண்ட் தளம் வருகிறது. எங்கள் மகளிர் குழு வருஷக்கணக்கில் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து வாங்கியது. இனி மணலில் மீன் பரப்ப வேண்டாம். பல்லில் மணல் கடிபடுது என்று வியாபாரி மூஞ்சியைச் சுளித்து விலையைக் குறைக்கவும் முடியாது.

குழுத் தலைவி நான்தானே, வேலையைப் பார்க்கப் போனேன். தெய்வசிகாமணி மேஸ்திரி கம்பியைக் கட்டி, கீழே விரித்த பிளாஸ்டிக் தாள் மேலேயே படுக்கப் போட்டிருக்கிறார். அளவெடுக்க வந்த இன்ஜினியரம்மா அன்றைக்கு என்ன சொன்னார்? ஆறங்குலத் தளத்தில் கம்பி நடுவுக்கு மேலே நிற்கணும். அடியில் கிடந்தால் விரிசலைப் பிடிக்காது, நம்ம ஊர் உப்பு ஏறித் துருப்பிடிக்கும். அடியில் சின்னச் சின்ன சிமெண்ட் கல் வைத்துத் தூக்கணும்.

கேட்டேன். கான்கிரீட் கொட்டும்போது கொக்கி போட்டு மேலே இழுத்துக்கலாம் என்கிறார். இழுப்பாராம். பின்னாடியே ஆளுங்க மிதிச்சா அது எங்கே நிக்கும்?

ஆகஸ்ட் 12

கல் வார்த்து வைக்க ஒத்துக்கொண்டார். முகத்தைப் பார்க்கணுமே.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கல்லெல்லாம் காய்ந்து குவியலாகக் கிடக்கிறது. நாளைக்குக் கான்கிரீட்.

ஆகஸ்ட் 25, திங்கள்

கல் இல்லை. குவியலையே காணோம். கலவை மெஷின் வந்தாச்சு, ஆளுங்க வந்தாச்சு, கல் மட்டும் இல்லை. யார் எடுத்தது என்று கேட்டால் ஊரே சிரிக்கிறது. நண்டு வலையைத் தண்ணியில் அமிழ்த்த அளவான கல், கட்டிக்கொள்ளக் கம்பி வாலும் இருக்கிறது. விடுவார்களா? எங்க வீட்டு ஆளும் இதில் கூட்டு. என் புருஷன் துளசிங்கம் கொஞ்சமும் வெட்கமில்லாமல், "சும்மா தானே கெடந்துச்சு, ஏரியில எறக்கிட்டேன்"னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு —

மேஸ்திரிக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கல் இல்லாமலே போட்டுடலாம் என்றார். எங்கள் குழு ஜெயம்மாவும் அதைத்தான் சொன்னாள். "பிடிவாதம் பண்ணாத கோமளா, மழைக்கு முன்னாடி ஆவணும்"னாள். அவளுக்கு மூணு பொண்ணுங்க, கருவாடுதான் பிழைப்பு. அவசரம் இருக்காதா? எனக்கும் அதேதான் பிழைப்பு. உடைஞ்ச தளத்தை வெச்சிக்கிட்டு நாங்க இன்னா பண்றது?

செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கம்பி மேலேயே உட்கார்ந்தேன். கொட்டுறதுன்னா என் மேல கொட்டுன்னேன். வெயில் ஏற ஏறக் கம்பி சுட்டது. எழுந்திருக்கவில்லை. மத்தியானம் மெஷின் திரும்பிப் போச்சு.

ஆகஸ்ட் 26

துளசிங்கம் வலையை இழுத்து, கல்லை எல்லாம் அவிழ்த்துக் கொண்டுவந்து வாசலில் கொட்டினார். உப்புத் தண்ணியில் ஊறின கல் கம்பிக்கு ஆகாது, வேணாம்னேன்.

"உனக்கு இன்னாதான்டி வேணும்?"

புதுக் கல்லு வேணும்னேன். சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். படுக்கட்டும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

குழுக் கூட்டம். என்னை எடுத்துட்டாங்க. ஜெயம்மா தலைவி. கை தூக்கினவங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன், பாதிப் பேர் என்னைப் பார்க்கவில்லை. நான் தலை குனியலை. தப்பு செஞ்சவங்க குனியட்டும்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். அழுதா இன்னா? சொன்னது சொன்னதுதான்.

செப்டம்பர் 10, புதன்

இன்றைக்குக் கான்கிரீட். என்னை யாரும் கூப்பிடவில்லை. போனேன். தலைவி இல்லாவிட்டாலும் குழுவில் ஆள்தானே. ரோட்டோரமாக நின்றேன்.

புதுக் கல் வந்திருந்தது. களத்தில் முக்கால்வாசிக்கு வைத்துத் தூக்கியிருந்தார்கள். ஏரிப் பக்கம் மட்டும் கம்பி தரையில் கிடந்தது. நேரமாகுது, அங்கே இழுத்துக்கலாம் என்று சொல்லி மேஸ்திரி மெஷினை ஓட்டச் சொன்னார்.

நான் காலை எடுத்து வைக்கறதுக்குள்ள ஜெயம்மா போயிட்டா. புடவையைச் சொருகிக்கிட்டு ஏரிப் பக்கக் கம்பி மேல உட்கார்ந்தா. கத்தலை.

"கல்லு வெய்யி மேஸ்திரி. அப்புறம் கொட்டு."

அவ பக்கத்துல இன்னொருத்தி. அப்புறம் வரிசையா எல்லாரும். அன்னிக்குக் கை தூக்கினவங்கதான்.

நான் கிட்டப் போனேன். உட்கார இடமே இல்லை. வீட்டுக்கு வந்து உலை வைத்தேன்.