சுவரில் தெரிந்த திட்டு

என் வீட்டு அதிகாரிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரை போடுகிறார்களா?

போன வாரம் இங்கே வேலை செய்யும் கிடங்கில் ஏணியிலிருந்து சறுக்கிவிட்டேன். சிராய்ப்புதான், பதறாதே. நடுக்கம் போகட்டும் என்று மேலாளர் என்னை ஓய்வறையில் உட்காரவைத்தார். அங்கே தொழிலாளர்கள் இளைப்பாற ஒரு கருவி வைத்திருக்கிறார்கள்; அதன் மைக்கில் பாடினால் கூடவே இசை எழும், சுவரெல்லாம் வண்ண வெளிச்சம் பரவும். எனக்குப் பாட்டு எங்கே வரும்? உன்னை மாதிரியே, "ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று கத்தினேன். சுவர் செக்கச்செவேல் என்று ஆகி, வீணை மாதிரி ஏதோ கேட்டது. மனசு லேசாகிவிட்டது.

போனில் இப்போதெல்லாம் நீ விருந்தாளியிடம் பேசுவதுபோலப் பேசுகிறாய். நன்றாகத் திட்டி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பு, அந்தச் சுவரில் போட்டுப் பார்க்க வேண்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. ஈரத் துண்டு கட்டிலில்தான் கிடக்கிறது, கேட்க ஆளில்லை.

உன் வீட்டுக்காரன்