வெள்ளிக்கிழமைகளில் நீ உயிரோடு இருந்தாய்

ஊரில் உன் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை முடிந்து வந்து, மாற்றுச் சட்டை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். உடுப்பெல்லாம் ஏலக்காய் வாசம். உன் அம்மாவுக்கென்று ரிஸ்னா ராத்தா கட்டித் தந்த, ஏலக்காய் கலந்த கோப்பிப் பொதி வழியிலேயே பிரிந்திருக்கிறது. ரிஸ்னா ராத்தாவை உனக்குத் தெரியாது. அவர் உன்னை அறிவார். அது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

டோஹாவில் வேலை கிடைத்த கடிதம் வந்த அன்று நீ என்னைவிடச் சந்தோஷப்பட்டாய். குளிர் அறைகள் பொருத்தும் கம்பனி. "முதல் நீங்கள் போய் நாலு சனத்தோட பழகுங்கோ, நான் பின்னால வாறன்" என்றாய். "வாய் திறக்காம இருந்தா உங்களையும் கதிரையெண்டு நினைச்சு ஆரும் ஏறி இருந்திடுவினம்" என்றும் சொல்லிச் சிரித்தாய். பிறகு காய்ச்சல் வந்தது. பதினொரு நாள். உன்னை உன் ஊரான அரிப்பின் சேமக்காலையில் அடக்கம் செய்த நாற்பதாம் நாள் நான் விமானம் ஏறினேன். பயணச்சீட்டு இருந்தது, போனேன்.

அங்கே போன முதல் வெள்ளிக்கிழமை, கூட வேலை செய்யும் ஹனீபா நானா தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனார். சிலாவத்துறைக்காரர். ரிஸ்னா ராத்தா அவர் மனைவி. நம் பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் தரையில் பாய் விரித்து இருந்தார்கள். சோற்றைப் போட்டுக்கொண்டே ராத்தா கேட்டார்.

"தம்பி கலியாணம் முடிச்சதா?"

"ஓம் ராத்தா. அரிப்பில."

"முடிச்ச பிள்ளை எப்ப வாறா?"

எல்லோருடைய கையும் சோற்றில் இருந்தது. நான் உண்மையைச் சொன்னால் அந்தக் கைகள் அப்படியே நின்றுவிடும். "பின்னால வருவா" என்றேன். நீ சொன்ன அதே சொல். யாருடைய கையும் நிற்கவில்லை. ராத்தா இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வாரத்தில் ஆறு நாளும் நான் மனைவி செத்தவன். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிநேரம் மட்டும் அப்படி இல்லை. அந்த வீட்டில் உனக்குச் சளி பிடித்தது, சுகமானது. உன் கடவுச்சீட்டு தாமதமானது. "ஊரில சுகமோ?" என்று கேட்பார்கள். "சுகம்" என்பேன். சீட்டாட்டம் நடக்கும், பகிடி நடக்கும், நானும் சிரிப்பேன். சொல்லிவிட்டால் அந்த வீட்டிலும் நீ செத்துவிடுவாய். பிறகு எனக்கு எந்த வீடும் இல்லை. எட்டு மாதம் இப்படியே போனது.

அப்போதுதான் கம்பனி என்னை முதல் தடவையாகத் தனியே வெளிநாட்டுக்கு அனுப்பியது. மொம்பாசா துறைமுகத்தில் மீன் வைக்கும் குளிர் அறை ஒன்றை இயக்கிக் கையளிக்க வேண்டும். விமான நிலையத்தில் என் பெயர் எழுதிய அட்டையோடு ஒருவர் நின்றார். என் பின்னால் பெரியவர் யாரும் வரவில்லையா என்று அவரும் பார்த்தார், நானும் திரும்பிப் பார்த்தேன். நீ பார்த்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சிரித்திருப்பாய்.

புது அறையை ஒரேயடியாகக் குளிர வைக்கக் கூடாது. கொங்கிறீற் தரைக்குள் ஈரம் இருக்கும். அவசரப்பட்டால் தரை வெடித்துவிடும். வெப்பத்தை நாளுக்குச் சில பாகையாக இறக்கி, ஒவ்வொரு மணிக்கும் குறித்துக்கொண்டு, காத்திருக்க வேண்டும். அந்த வேலையில் பெரும்பகுதி காத்திருப்புத்தான். என்னோடு காத்திருந்தவர் அங்கே மேற்பார்வை பார்க்கும் கிரேஸ், ஐம்பது வயதிருக்கும். மூன்றாம் நாள், கவிழ்த்த மீன் பெட்டிகள் மேல் அமர்ந்து தேநீர் குடிக்கும்போது, என் கலியாண மோதிரத்தைப் பார்த்துக் கேட்டார்.

"மனைவிக்கு என்ன வாங்கிக்கொண்டு போகப் போகிறாய்?"

வழக்கமான பதில் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அந்த ஊரில் காப்பாற்ற எனக்கு எதுவும் இல்லை. "அவள் இறந்துவிட்டாள்" என்றேன். உடைந்த ஆங்கிலத்தில், அந்நிய ஊரில், ஒரு அந்நியரிடம். அதுதான் முதல் தடவை.

"போலே" என்றார் அவர். துக்கம் கேட்க அவர்கள் சொல்லும் சொல். பிறகு உன் பெயரைக் கேட்டார். சொன்னேன். இரண்டு தடவை பிழையாகச் சொன்னார், திருத்தினேன். மூன்றாம் தடவை சரியாகச் சொன்னார். அடுத்த மணிக்கான அளவைக் குறிக்க எழும்பியபோது, கன நாளுக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

அறை ஒழுங்காகக் குளிர்ந்தது. தரை வெடிக்கவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அந்த வெள்ளிக்கிழமை மற்றவர்கள் போகும்வரை இருந்தேன். ஹனீபா நானாவும் ராத்தாவும் மட்டும் இருக்கும்போது சொன்னேன். "ராத்தா, நான் இவ்வளவு நாளும் உங்களுக்குப் பொய் சொன்னனான். அவ உயிரோட இல்லை. நான் இஞ்ச வர முதலே மோசம் போயிட்டா."

ராத்தா கையிலிருந்த தட்டுகளை அப்படியே நிலத்தில் வைத்தார். "எட்டு மாசமா ஒவ்வொரு தொழுகையிலயும் அந்தப் பிள்ளைக்குக் கெதியா விசா கிடைக்கணும் எண்டு துஆ கேட்டிருக்கன் தம்பி! அல்லாஹ் என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பான்?"

எனக்குத் தலை நிமிரவில்லை. நானா மெதுவாகச் செருமினார். "எனக்குத் தெரியும்" என்றார். "செத்தவீட்டுக்கு எங்கட காக்கா, என்ர மூத்தவர், வந்தவர். அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் எவ்வளவு தூரம்டா? நீ வந்த ரெண்டாம் கிழமையே எனக்குத் தெரியும்."

நான் எவ்வளவு மடையன் என்று பார். ஒரு கிராமத்தில் தேவாலய மணி அடித்தால் மற்றதில் யார் வீட்டுச் சாவு என்று விசாரிக்கும் ஊர்கள். கடல் கடந்து போய், அந்தப் பக்கத்து ஊர்க்காரனிடமே உன் சாவை மறைத்திருக்கிறேன்.

"தெரிஞ்சும் ஏன் நானா ஒண்டும் கேக்கேல்லை?"

"அவவைப் பத்திச் சொல்லக்குள்ள மட்டும்தான் உன்ர முகத்தில உயிர் இருந்திச்சு. அதுல கை வைக்க மனம் வரல்ல."

இப்போது ராத்தா புருஷன் பக்கம் திரும்பினார். "அப்ப என்னை மட்டும் மடச்சியாக்கி வெச்சிருந்திருக்கிறீங்க!"

"உனக்குச் சொன்னா கத்தார் முழுக்கத் தெரிஞ்சிருக்குமே."

ராத்தா கை துடைக்கும் துவாயால் அவர் தோளில் ஒரு அடி போட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருந்தபோதே அழுகையும் வந்தது. உன் செத்தவீட்டில் வராத அழுகை. ராத்தா தேத்தண்ணி ஊற்றி வந்து பக்கத்தில் இருந்தார். "கேட்ட துஆ வீணாப் போகாது தம்பி. அந்தப் பிள்ளைக்கு எங்க தேவையோ அங்க போய்ச் சேரும்" என்றார். பிறகு, "சரி, எப்பிடிப்பட்ட பிள்ளை? இனியாவது உண்மையைச் சொல்லும்" என்றார்.

சொன்னேன். எட்டு மாதமும் உன்னைப் பற்றிச் சுகம், சளி, கடவுச்சீட்டு என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல வழி இருக்கவில்லை. அன்றைக்கு நிறுத்தத் தெரியவில்லை. நண்டு உடைக்கத் தெரியாத என்னை உன் மாமாக்களின் முன்னால் நீ பகிடி பண்ணியது, மன்னார்ப் பட்டினத்தில் கழுதை ஒன்று உன் கூறைச்சேலையின் தலைப்பைச் சப்பியது, எல்லாம். அடுத்த வெள்ளி மற்றவர்களுக்கும் தெரிந்தது. யாருடைய கையும் கனநேரம் நிற்கவில்லை.

இன்று மத்தியானம் உன் அம்மா சோறு போட்டுவிட்டு எதிரே இருந்தா. எவ்வளவு மெலிந்துவிட்டா. "தம்பி, அங்க தனியவோ இருக்கிறியள்?" என்று கேட்டா.

"இல்லை மாமி" என்றேன். "அங்க அவவைத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம்."